மக்கர் செய்யும் யூஎஸ்பி: லினக்ஸ் கேள்வி பதில்

இந்த இதழில் யூஎஸ்பி கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். டெர்மினலில் அடிக்கும்போது எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்து. பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: லினக்ஸ் மின்ட் வைத்திருக்கிறேன். 1 டிபி வெளி ஹார்ட் டிஸ்கைச் சொருகினால் விளக்கு எரிகிறது, உள்ளே டிக் டிக் என்று சத்தம் கேட்கிறது, ஃபைல் மேனேஜரில் மட்டும் வருவதில்லை. நண்பரின் விண்டோஸ் லேப்டாப்பில் வருகிறது. லினக்ஸை அழித்துவிட்டு மறுபடி நிறுவினால் சரியாகுமா?
வாசகர், கும்பகோணம்

பதில்: ஆகாது. நிறுவுவதற்குச் செலவாகும் ஒரு மணி நேரத்தில் கேபிளை மாற்றிப் பார்த்துவிடலாம்.

முதலில் லினக்ஸின் மையமான கர்னல் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். டெர்மினலைத் திறந்து ‘சூடோ டிமெசேஜ் -டபிள்யூ’ என்று கொடுங்கள். வாய் ‘டிமெசேஜ்’ என்று சொன்னாலும் அடிக்க வேண்டியது டி, எம், இ, எஸ், ஜி என்ற ஐந்து எழுத்துதான். உபுண்டு 20.10 முதல் சாதாரணப் பயனர் இதைப் படிக்க முடியாது, அதனால்தான் முன்னால் நிர்வாகி அனுமதி தரும் சூடோ. ஓடிக்கொண்டிருக்கும் வரிகள் நின்றதும் இரண்டு மூன்று முறை என்டர் தட்டி இடைவெளி விட்டுக்கொண்டு, டிஸ்கைச் சொருகுங்கள். புதிதாக வரும் வரிகள் மட்டும்தான் நமக்கு வேண்டியவை.

எந்த வரியுமே வரவில்லை என்றால், ஏதோ சொருகப்பட்டிருக்கிறது என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. விளக்கு எரிவதை வைத்து ஏமாறக் கூடாது. யூஎஸ்பி 2 கேபிளில் நான்கு கம்பி: மின்சாரத்துக்கு இரண்டு, தகவலுக்கு இரண்டு. மின்சாரக் கம்பி இரண்டும் சரியாக இருந்தாலே விளக்கு எரிந்துவிடும்.

உங்கள் டிஸ்க் சத்தம் போடுவதால், பெரும்பாலும் ‘யூஎஸ்பி 1-4’ என்று தொடங்கும் வரிகள் சில வந்து, கடைசியில் ‘எரர் -71’ என்றோ ‘எரர் -110’ என்றோ முடியும். 1-4 என்பது முதல் பஸ்ஸில் (யூஎஸ்பி தகவல் பாதையில்) நான்காவது போர்ட். 1-4.2 என்று இருந்தால் அந்த நான்காவது போர்ட்டில் ஒரு ஹப் தொங்குகிறது, அதன் இரண்டாவது வாயில் உங்கள் சாதனம் இருக்கிறது என்று பொருள். -71 என்றால் சாதனம் சொன்ன பதில் சிதைந்து வந்தது; -110 என்றால் பதிலே வராமல் நேரம் கடந்துவிட்டது. இரண்டுக்கும் டிரைவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. டிரைவரின் வேலை இன்னும் தொடங்கவே இல்லை. கேபிள், போர்ட், மின்சாரம் ஆகிய மூன்றில் ஒன்றில்தான் கோளாறு.

யூஎஸ்பி 2 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 போர்ட் 900. உள்ளே தட்டு சுழலும் 2.5 அங்குல டிஸ்க், சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு நொடிகளில் ஓடும்போது கேட்பதைவிட அதிகம் கேட்கும். அது கிடைக்காவிட்டால் மோட்டார் பாதியில் நின்று மறுபடி முயலும். டிக் டிக் என்பது பல நேரம் அந்தச் சத்தம்தான். கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டுக்கு உள்ளே இன்னொரு வயர் ஓடுகிறது. அதன் மேல் நீட்டிப்புக் கேபிளும் போட்டிருந்தால் மின்னழுத்தம் வழியிலேயே இறங்கிவிடும். எனவே மதர்போர்டோடு ஒட்டியிருக்கும் பின்பக்கப் போர்ட், டிஸ்கோடு வந்த குட்டைக் கேபிள், இரண்டும் பலிக்காவிட்டால் தனி அடாப்டர் உள்ள ஹப் என்ற வரிசையில் முயலுங்கள்.

பின்பக்கத்திலும் டிக் டிக் தொடர்ந்தால், நண்பரின் லேப்டாப்பிலும் அதே சத்தம் வருகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். அங்கும் வந்தால் டிஸ்கே போய்க்கொண்டிருக்கிறது. அதன் பிறகு சோதனை வேண்டாம். வேண்டிய கோப்புகளை முதலில் நகலெடுங்கள்.

இன்னொரு வகைத் தொல்லையும் உண்டு. டிஸ்க் ஒழுங்காக வரும், சின்னக் கோப்புகள் போகும், பெரிய நகலின் நடுவில் மட்டும் அறுந்துபோகும். டிமெசேஜில் ‘யூஏஎஸ்’ என்று தொடங்கி ‘அபார்ட்’ என்று ஒரு வரி இருக்கும். யூஏஎஸ் என்பது யூஎஸ்பி டிஸ்குகளுக்கான வேகமான பேச்சுமுறை. டிஸ்குப் பெட்டிகளில் இருக்கும் சில பிரிட்ஜ் சிப்புகள் அதை அரைகுறையாகவே பேசும். ‘எல்எஸ்யூஎஸ்பி’ கட்டளையில் உங்கள் டிஸ்கின் அடையாள எண்ணைப் பாருங்கள். 152டி:0578 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். /இடிசி/மாட்ப்ரோப்.டி அடைவில் .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, அதில் ‘ஆப்ஷன்ஸ் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ்=152டி:0578:யூ’ என்று ஒரே வரி எழுதுங்கள். ‘சூடோ அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ’ ஓட்டி, கம்ப்யூட்டரை மறுபடி தொடங்குங்கள். அந்தச் சிப்புக்கு மட்டும் பழைய பேச்சுமுறை வந்துவிடும். வேகம் கொஞ்சம் குறையும், நகல் முழுசாகப் போய்ச் சேரும்.

கேள்வி: உபுண்டு 22.04. ஆர்டுயினோ குளோன் போர்டு வாங்கினேன். ஐடிஇயில் (போர்டுக்கு நிரல் எழுதும் மென்பொருளில்) போர்ட் பட்டியலே காலி. எல்எஸ்யூஎஸ்பியில் 1ஏ86:7523 என்று தெரிகிறது. அதிலுள்ள சிஎச்340 சிப்புக்கான டிரைவரை இணையத்திலிருந்து இறக்கிக் கம்பைல் செய்தும் பலனில்லை.
மாணவர், கோவில்பட்டி

பதில்: டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, பெயர் சிஎச்341. பெயரில் ஒரு எண் கூடியிருப்பதைப் பார்த்து ‘இது வேறு’ என்று நினைக்க வேண்டாம், 340க்கும் அதுதான். நீங்கள் கம்பைல் செய்ததை நீக்கிவிடுங்கள்.

போர்டைக் கழற்றிச் சொருகி டிமெசேஜைப் பாருங்கள். சிஎச்341 வந்து டிடிஒய்யூஎஸ்பி0 என்ற போர்ட்டை உருவாக்கும். அடுத்த நொடியே ‘டிஸ்கனெக்டட்’ என்று இன்னொரு வரி வரும். இரண்டுக்கும் நடுவே ‘பிஆர்எல்டிடிஒய்’ என்ற பெயர் இருக்கும். போர்ட்டைப் பறித்துக்கொண்டு போனது அதுதான்.

பிஆர்எல்டிடிஒய் என்பது பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் திரைகளுக்கான நிரல். அப்படிப்பட்ட ஒரு கருவியிலும் இதே சிஎச்340 சிப்தான் இருக்கிறது; அதனால் அதன் அடையாள எண்ணும் 1ஏ86:7523. உபுண்டு 22.04இல் வந்த யூடெவ் (சொருகும் சாதனங்களை அடையாளம் காணும் சேவை) விதி இந்த எண்ணைக் கண்டதும் ‘பிரெய்ல் திரை வந்துவிட்டது’ என்று முடிவுகட்டி, நிரலை எழுப்பிவிடுகிறது. விலை குறைந்த போர்டுகளில் சிஎச்340 மலிந்து கிடப்பதால் இந்த வழக்கில் மாட்டிக்கொண்ட மாணவர்கள் ஏராளம்.

அந்தக் கம்ப்யூட்டரில் பிரெய்ல் கருவி பயன்படுத்துவோர் யாரும் இல்லையென்றால் ‘சூடோ ஏபிடி ரிமூவ் பிஆர்எல்டிடிஒய்’ போதும். கல்லூரி ஆய்வகம் போலப் பலர் உட்காரும் இடமானால் நீக்காதீர்கள். /யூஎஸ்ஆர்/லிப்/யூடெவ்/ரூல்ஸ்.டி அடைவில் 85-பிஆர்எல்டிடிஒய்.ரூல்ஸ் என்ற கோப்பு இருக்கிறது. அதை /இடிசி/யூடெவ்/ரூல்ஸ்.டி அடைவுக்கு அதே பெயரில் நகலெடுத்து, 1ஏ86/7523 என்று இருக்கும் வரியின் தொடக்கத்தில் மட்டும் # குறி போடுங்கள். மூலக் கோப்பிலேயே கைவைத்தால் அடுத்த அப்டேட்டில் உங்கள் திருத்தம் போய்விடும்.

போர்ட் வந்த பிறகு ‘பெர்மிஷன் டினைட்’ என்று அடுத்த தடை வரும். டெபியன், உபுண்டு, மின்ட் மூன்றிலும் சீரியல் போர்ட்டைத் தொட ‘டயல்அவுட்’ குழுவில் இருக்க வேண்டும். ‘சூடோ யூசர்மாட் -ஏஜி டயல்அவுட்’ என்று எழுதி, பின்னால் உங்கள் பயனர் பெயர். இங்கே ஏ சிற்றெழுத்து, ஜி பெரிய எழுத்து. ஏ-வை விட்டுவிட்டு ஜி மட்டும் கொடுத்தால் சூடோ உட்பட மற்ற குழுக்களிலிருந்து உங்களைத் தூக்கிவிடும். பிறகு சூடோவே வேலை செய்யாது. கட்டளை கொடுத்ததும் லாக்அவுட் செய்து மறுபடி நுழைய வேண்டும். டெர்மினலை மூடித் திறந்தால் மட்டும் போதாது. ‘குரூப்ஸ்’ என்று அடித்துப் பார்த்து, டயல்அவுட் வந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆர்ச் வகை லினக்ஸில் இந்தக் குழுவின் பெயர் ‘யூயூசிபி’. இதற்காக ஐடிஇயையே சூடோவில் ஓட்டுவது சில வீடியோக்களில் வருகிறது. செய்யாதீர்கள், உங்கள் ஸ்கெட்ச் கோப்புகள் எல்லாம் ரூட் (நிர்வாகி) பெயருக்குப் போய், நாளைக்கு உங்களாலேயே திருத்த முடியாது.

கேள்வி: 4 ஜிபி வீடியோவைப் பென்டிரைவுக்குக் காப்பி செய்தால் சில நொடிகளில் 100 சதவீதம் காட்டுகிறது. பிறகு இஜெக்ட் கொடுத்தால் பத்து நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பொறுமை இழந்து பிடுங்கினால் டிவியில் வீடியோ பாதியில் நிற்கிறது. எது பொய்?
வாசகி, ஈரோடு

பதில்: 100 சதவீதம் என்பதுதான். கோப்பு போய்ச் சேர்ந்த இடம் பென்டிரைவ் இல்லை, உங்கள் ரேம். லினக்ஸ் எழுத வேண்டியதை முதலில் ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு, பின்னணியில் மெதுவாகச் சாதனத்துக்குத் தள்ளும். இப்படித் தேங்கி நிற்பதற்கு ‘டர்ட்டி’ என்று பெயர். வழக்கமான அமைப்பில், பயன்படுத்தக் கிடைக்கும் ரேமில் 10 சதவீதத்தைத் தாண்டியதும் தள்ளத் தொடங்கும். 20 சதவீதத்தைத் தொட்டால்தான் காப்பி செய்யும் நிரலை நிறுத்தி வைக்கும். 16 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் 20 சதவீதம் என்றால் 3 ஜிபி வரை வரும். வேகமான எஸ்எஸ்டிக்கு அது ஒன்றுமில்லை. நொடிக்கு 8 எம்பி எழுதும் சாதாரணப் பென்டிரைவுக்கு? 4 ஜிபி என்பது 4096 எம்பி. எட்டால் வகுத்தால் 512 நொடி, எட்டரை நிமிடம். இஜெக்ட் சுற்றிய நேரம் அதுதான்.

கண்ணால் பார்க்க வேண்டுமானால், காப்பி ஓடும்போது டெர்மினலில் ‘வாட்ச் கிரெப் -இ டர்ட்டி /ப்ராக்/மெம்இன்ஃபோ’ கொடுங்கள். டர்ட்டி என்பதில் முதல் எழுத்து மட்டும் பெரியது. அந்த எண் மளமளவென்று ஏறி, பிறகு சொட்டுச் சொட்டாக இறங்கும். நூறுக்குக் கீழே வந்த பிறகு இஜெக்ட் கொடுத்தால் உடனே விடும்.

நிரந்தரமாக மாற்ற, /இடிசி/சிஸ்கட்டில்.டி அடைவில் .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பு (சிஸ்கட்டில் எழுத்துகள்: எஸ், ஒய், எஸ், சி, டி, எல்). அதில் இரண்டு வரி:

விஎம்.டர்ட்டி_பேக்ரவுண்ட்_பைட்ஸ் = 16777216
விஎம்.டர்ட்டி_பைட்ஸ் = 67108864

அதாவது 16 எம்பி சேர்ந்ததும் தள்ளத் தொடங்கு, 64 எம்பிக்கு மேல் சேர விடாதே. ‘சூடோ சிஸ்கட்டில் --சிஸ்டம்’ கொடுத்தால் உடனே நடைமுறைக்கு வரும். இனி காப்பியின் பட்டை ஆமை வேகத்தில் நகரும், உண்மையும் அதுவே. இது எல்லா டிஸ்குக்கும் பொருந்தும் அமைப்பு என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய பெரிய கோப்புகளாக எழுதும் வீடியோ எடிட்டிங் கம்ப்யூட்டரில் 64க்குப் பதில் 256 எம்பி (268435456) வைப்பது மேல்.

விண்டோஸில் இப்படி இல்லையே என்று அடுத்த கேள்வி வரும். அங்கே 2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, வெளியே சொருகும் டிஸ்குகளுக்கு எழுதுவதைத் தேக்கி வைக்காத முறைதான் வழக்கமாக அமைந்திருக்கிறது.

கேள்வி: யூஎஸ்பி 3 டிஸ்கைச் சொருகினால் வயர்லெஸ் மவுஸ் திக்கித் திணறுகிறது. டிஸ்கை எடுத்தால் சரியாகிவிடுகிறது. கர்னலை மாற்ற வேண்டுமா?
வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கர்னலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. யூஎஸ்பி 3இன் 5 ஜிகாபிட் சமிக்ஞை எழுப்பும் ரேடியோ இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியிலும் விழுகிறது. உங்கள் மவுஸின் டாங்கிள் (யூஎஸ்பியில் சொருகும் குட்டி ரிசீவர்) பேசுவதும் அங்கேதான். இன்டெல் 2012இல் இதைப் பற்றி ஓர் அறிக்கையே வெளியிட்டது. டாங்கிளும் டிஸ்கும் பக்கத்துப் பக்கத்துப் போர்ட்டில் இருப்பது, இரைச்சலான கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று போன் பேசுவது போல. டாங்கிளை ஒரு சிறு யூஎஸ்பி 2 நீட்டிப்புக் கேபிளில் போட்டு மேசை மேல் கொண்டுவந்து வையுங்கள். அரை மீட்டர் விலகினாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். ப்ளூடூத் ஹெட்போனில் கரகரப்பு இருந்தாலும் இதே மருந்து. வைஃபை தடுமாறினால் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுங்கள்.

கேள்வி: பிரவுசிங் சென்டரில் எச்பி லேசர்ஜெட் 1020. உபுண்டுவைப் புதிய பதிப்புக்கு ஏற்றிய பிறகு பிரிண்ட் கொடுத்தால் வரிசையில் ‘முடிந்தது’ என்கிறது, தாள் நகர்வதே இல்லை.
வாசகர், தேனி

பதில்: இந்த மாடல் தன்னை இயக்கும் ஃபர்ம்வேர் என்ற உள்நிரலைத் தன்னுள் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை மின்சாரம் வந்ததும் கம்ப்யூட்டர்தான் அதை யூஎஸ்பி வழியாக ஊட்டிவிட வேண்டும். ஊட்டும்வரை பிரிண்டர் உயிரோடு இருப்பது போலவே தெரியும், எல்எஸ்யூஎஸ்பியில் 03எஃப்0:2பி17 என்று பெயர் கொடுக்கும், அனுப்பியதை வாங்கியும் கொள்ளும். அச்சடிக்க மட்டும் தெரியாது.

அந்த ஃபர்ம்வேர் எச்பிலிப் என்ற தொகுப்பின் ‘பிளகின்’ பகுதியில் இருக்கிறது. அது திறமூலம் அல்ல என்பதால் உபுண்டுவோடு சேர்ந்து வராது, தனியாக இறக்க வேண்டும். பிளகினின் பதிப்பும் எச்பிலிப்பின் பதிப்பும் அச்சாக ஒன்றாக இருக்க வேண்டும். நீங்கள் உபுண்டுவை ஏற்றியபோது எச்பிலிப் ஏறியது, பிளகின் பழையதிலேயே நின்றுவிட்டது. இணைய இணைப்போடு ‘எச்பி-பிளகின் -ஐ’ ஓட்டுங்கள். இதைச் சூடோ இல்லாமல் உங்கள் பயனராகவே தொடங்குங்கள், வேண்டும்போது அதுவே கடவுச்சொல் கேட்கும். முடிந்ததும் பிரிண்டரை அணைத்துப் பத்து நொடி விட்டுப் போடுங்கள். ஃபர்ம்வேர் ஏறினால் பிரிண்டர் உள்ளே ஒருமுறை உருண்டு ஓயும், காதிலேயே தெரிந்துவிடும். அப்போதும் வரவில்லையென்றால் பழைய பிரிண்டர் பதிவை நீக்கிவிட்டு ‘எச்பி-செட்டப் -ஐ’ மூலம் புதிதாகச் சேருங்கள்.

புது மாடல் பிரிண்டர்களில் நிலைமை தலைகீழ். அவற்றுக்கு டிரைவரே வேண்டாம். ஐபிபி-யூஎஸ்பி என்ற பின்னணிச் சேவை, யூஎஸ்பியில் சொருகிய பிரிண்டரை நெட்வொர்க் பிரிண்டர் போல நடத்திவிடும். அந்தச் சேவை பிரிண்டரைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது பழைய முறை டிரைவரையும் நிறுவினால் இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். இரண்டில் ஒன்றை மட்டும் வைத்திருங்கள்.

கேள்வி: ஆன்லைன் டியூஷனுக்கு இரண்டு வெப்கேம்: ஒன்று முகத்துக்கு, ஒன்று நோட்டுக்கு. இரண்டாவதைத் திறந்தால் ‘நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்’ என்கிறது. டிஸ்கில் 200 ஜிபி காலியாக இருக்கிறதே?
ஆசிரியை, நாமக்கல்

பதில்: டிஸ்க் இடம் இல்லை அது, யூஎஸ்பி பாதையின் இடம். கர்னலிடம் ‘இடம் இல்லை’ என்பதற்கு ஒரே பிழை எண்தான் (-28). டிஸ்க் நிறைந்தாலும் அதே வாக்கியம், பாதை நிறைந்தாலும் அதே வாக்கியம். காலி செய்ய வேண்டிய கோப்பு எதுவும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். 1280க்கு 720 படம், சுருக்காத ஒய்யூஒய்வி வடிவத்தில் ஒரு புள்ளிக்கு 2 பைட். நொடிக்கு 30 படம் என்றால் 5 கோடியே 53 லட்சம் பைட், அதாவது 55 எம்பி. யூஎஸ்பி 2இல் ஒரு கேமராவின் ஓடை அதிகபட்சம் நொடிக்கு 24 எம்பிதான் முன்பதிவு செய்ய முடியும். அதனால்தான் சுருக்காத வடிவத்தில் 720பி வைத்தால் பல கேமராக்கள் நொடிக்கு 10 படத்தோடு நின்றுவிடுகின்றன. முதல் கேமரா திறந்ததும் பாதையின் பெரும்பகுதியைப் பிடித்து வைக்கிறது. இரண்டாவதற்கு மிச்சம் போதவில்லை. ஒரே ஹப்பில் இரண்டும் இருந்தால் சொல்லவே வேண்டாம். ஹப் வாய்களைக் கூட்டுமே தவிரப் பாதையை அகலமாக்காது.

‘வி4எல்2-சிடிஎல் --லிஸ்ட்-ஃபார்மட்ஸ்-எக்ஸ்ட்’ என்று கேட்டால் கேமராவுக்குத் தெரிந்த வடிவங்கள் எல்லாம் வரும் (வி4எல்-யூட்டில்ஸ் தொகுப்பு வேண்டும், எக்ஸ்ட் என்பதன் எழுத்துகள் இ, எக்ஸ், டி). அதில் எம்ஜேபிஜி (சுருக்கிய வடிவம்) இருந்தால் ஓபிஎஸ் என்ற வீடியோ மென்பொருளில் இரண்டு கேமராவுக்கும் அதையே தேர்ந்தெடுங்கள். நோட்டைக் காட்டும் கேமராவுக்கு நொடிக்கு 15 படமே தாராளம்.

சில கேமராக்கள் எம்ஜேபிஜியிலும் தேவைக்கு மேல் இடம் கேட்டு அடம்பிடிக்கும். ‘யூவிசிவீடியோ குவர்க்ஸ்=128’ போட்டால் சரியாகும் என்று பரவலாகச் சொல்கிறார்கள்; அது சுருக்காத வடிவங்களுக்கு மட்டும்தான் கணக்கைத் திருத்தும், எம்ஜேபிஜிக்கு உதவாது. அந்த நிலையில் ஒரு கேமராவை வேறு கன்ட்ரோலருக்கு மாற்றுவதே வழி. ‘எல்எஸ்யூஎஸ்பி -டி’ (‘ட்ரீ’யின் முதல் எழுத்து) மரம் போல வரைந்து காட்டும். இரண்டு கேமராவும் ஒரே வேரின் கீழ் இருந்தால், டெஸ்க்டாப்பில் ஒரு பிசிஐஇ யூஎஸ்பி கார்டு போட்டு ஒன்றை அங்கே சொருகுங்கள்.

இன்னொன்று: ஒரே கேமராவுக்கு வீடியோ0, வீடியோ1 என இரண்டு பெயர் தெரிந்தால் குழம்ப வேண்டாம். இரண்டாவது வெறும் துணைத் தகவலுக்கானது, அதைத் தேர்ந்தெடுத்தால் கறுப்புத் திரைதான்.

கேள்வி: பென்டிரைவ் திடீரென்று ‘ரீட்-ஒன்லி’ ஆகிவிட்டது. சிமாட் 777 கொடுத்தும் மாறவில்லை.
வாசகர், காரைக்குடி

பதில்: சிமாட் இங்கே செல்லாது. எழுத விடாதது கோப்பின் அனுமதி இல்லை, அதற்குக் கீழே உள்ள ஏதோ ஒன்று. எது என்று டிமெசேஜ் சொல்லும்.

‘வால்யூம் வாஸ் நாட் ப்ராப்பர்லி அன்மவுன்டட்’ என்றோ, ‘ஃபைல்சிஸ்டம் ஹேஸ் பீன் செட் ரீட்-ஒன்லி’ என்றோ ஃபேட் (பென்டிரைவின் கோப்பு முறை) பெயரில் வந்தால், யாரோ இஜெக்ட் செய்யாமல் பிடுங்கியிருக்கிறார்கள். அன்மவுன்ட் செய்துவிட்டு (சொருகியபடியே இணைப்பை விடுவித்து) ‘சூடோ எஃப்எஸ்சிகே.விஃபேட் -ஏ /டெவ்/எஸ்டிபி1’ ஓட்டுங்கள். கடைசியில் 1 வேண்டும். எஸ்டிபி என்பது முழுப் பென்டிரைவ், எஸ்டிபி1 அதன் பகுதி. எழுத்து உங்களிடம் வேறாக இருக்கலாம், ‘எல்எஸ்பிஎல்கே’ பார்த்து அளவை வைத்து உறுதி செய்யாமல் என்டர் தட்டாதீர்கள்.

விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் பெயரில் ‘வால்யூம் இஸ் டர்ட்டி’ என்று வந்தால், விண்டோஸ் அதை ஒழுங்காக மூடவில்லை. இந்த ‘டர்ட்டி’ மேலே ஈரோடு வாசகிக்குச் சொன்னது அல்ல, பெயர் மட்டும் ஒன்று. 2021இல் கர்னல் 5.15இல் சேர்ந்த என்டிஎஃப்எஸ்3 டிரைவர் இந்தக் குறியைக் கண்டாலே முரண்டு பிடிக்கும். ‘சூடோ என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ் -டி /டெவ்/எஸ்டிபி1’ (இந்த டி ‘டர்ட்டி’யின் முதல் எழுத்து) அந்தக் குறியை அழிக்கும். உள்ளே கோளாறு இருந்தால் அதை முழுதாகச் சரிசெய்யாது. முடிந்தால் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் செக்டிஸ்க் ஓட்டி, முறையாக இஜெக்ட் செய்து எடுத்து வாருங்கள்.

சொருகியதுமே ‘ரைட் ப்ரொடெக்ட் இஸ் ஆன்’ என்று வந்து, பென்டிரைவில் பூட்டுப் பொத்தான் எதுவும் இல்லையென்றால், உள்ளேயிருக்கும் மெமரி தேய்ந்துவிட்டது. இருப்பதையாவது காப்பாற்றுவோம் என்று கன்ட்ரோலரே எழுதுவதை நிறுத்திவிடுகிறது. ஃபார்மட் செய்யும் எந்த மென்பொருளும் இதை அசைக்காது. படிக்க முடியும்போதே எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள்.

கேள்வி: லேப்டாப்பில் யூஎஸ்பி மவுஸ் இரண்டு நொடி சும்மா இருந்தால் தூங்கிவிடுகிறது. அசைத்தால் எழுவதில்லை, க்ளிக் செய்தால்தான் எழுகிறது.
வாசகர், திருவாரூர்

பதில்: பேட்டரி சேமிக்க ‘பவர்டாப்’ நிறுவி, அதன் ‘ஆட்டோ-ட்யூன்’ ஒவ்வொரு முறையும் ஓடுமாறு வைத்திருக்கிறீர்களா? கர்னல் தானாக மவுஸைத் தூங்க வைப்பதில்லை; பவர்டாப் எல்லா யூஎஸ்பி சாதனத்தையும் பாகுபாடில்லாமல் தூங்க வைக்கும், அதன் கெடு இரண்டு நொடி. பவர்டாப் சேவையை நிறுத்திவிட்டு டிஎல்பி என்ற பேட்டரி சேமிப்பு நிரலுக்கு மாறுங்கள், அது மவுஸ், கீபோர்டை இயல்பாகவே விட்டுவைக்கும். ஆட்டோ-ட்யூனும் வேண்டும் என்றால், அது ஓடிய பிறகு /சிஸ்/பஸ்/யூஎஸ்பி/டிவைசஸ் அடைவில் மவுஸின் எண்ணுக்குள் (1-3 போல) இருக்கும் பவர்/கன்ட்ரோல் கோப்பில் ‘ஆட்டோ’ என்பதற்குப் பதில் ‘ஆன்’ எழுத வேண்டும்.

கேள்வி: புது மெக்கானிக்கல் கீபோர்டில் எஃப்5 அழுத்தினால் பக்கம் புதுப்பிக்காமல் வெளிச்சம் மாறுகிறது.
வாசகர், சென்னை

பதில்: சில கீபோர்டுகள் கம்ப்யூட்டரிடம் தம்மை ஆப்பிள் கீபோர்டு என்று அறிமுகப்படுத்திக்கொள்ளும்; லினக்ஸும் நம்பி எச்ஐடி_ஆப்பிள் டிரைவரைக் கொடுத்துவிடும். ‘எக்கோ 2 | சூடோ டீ /சிஸ்/மாட்யூல்/எச்ஐடி_ஆப்பிள்/பேராமீட்டர்ஸ்/எஃப்என்மோட்’ கொடுத்துச் சரியாகிறதா பாருங்கள். சரியானால் மாட்ப்ரோப்.டி அடைவில் ‘ஆப்ஷன்ஸ் எச்ஐடி_ஆப்பிள் எஃப்என்மோட்=2’ என்று எழுதி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்துவிடுங்கள்.

கேள்வி: மாஞ்சாரோ லினக்ஸில் அப்டேட் செய்த அன்றைக்கு மட்டும் பென்டிரைவ் வருவதில்லை. மறுநாள் வருகிறது!
வாசகர், சிங்கப்பூர்

பதில்: இரவு அணைத்துப் போடுவதால் வருகிறது. அப்டேட் பழைய கர்னலின் மாட்யூல்களை (டிரைவர் கோப்புகளை) நீக்கிவிட்டது, ஓடிக்கொண்டிருப்பதோ பழைய கர்னல். பென்டிரைவுக்கு வேண்டிய மாட்யூலை அது தேடும்போது அந்த அடைவே இல்லை. கர்னல் அப்டேட் வந்தால் உடனே ஒரு ரீபூட்.

கேள்வி: ஆன்லைனில் 2 டிபி பென்டிரைவ் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்தது. முதல் சில படங்கள் ஓடுகின்றன, மற்றவை திறப்பதில்லை. லினக்ஸுக்கு 2 டிபி ஒத்துவராதா?
வாசகர், சேலம்

பதில்: லினக்ஸுக்கு ஒத்துவரும், பென்டிரைவில்தான் 2 டிபி இல்லை. உள்ளே 16 அல்லது 32 ஜிபி சிப்பை வைத்து, கன்ட்ரோலரை ‘2 டிபி’ என்று சொல்லப் பழக்கியிருப்பார்கள். கொள்ளளவு தாண்டியதும் எழுதுவதெல்லாம் காற்றில் போகும், அல்லது முன்னால் எழுதியதன் மேலேயே விழும். கோப்புப் பெயர்கள் மட்டும் அழகாகத் தெரியும்.

‘எஃப்3’ என்ற தொகுப்பை நிறுவி, பென்டிரைவை அன்மவுன்ட் செய்துவிட்டு, ‘சூடோ எஃப்3ப்ரோப் --டிஸ்ட்ரக்டிவ் --டைம்-ஆப்ஸ் /டெவ்/எஸ்டிபி’ ஓட்டுங்கள். இங்கே முழுச் சாதனம் என்பதால் கடைசியில் 1 வராது. பெயரிலேயே சொல்வது போல உள்ளேயிருப்பது அழியும், ஓடுகிற படங்களை முதலில் எடுத்துவிடுங்கள். சில நிமிடத்தில் உண்மையான கொள்ளளவு எவ்வளவு என்று சொல்லிவிடும். போலி என்றால், அந்த அளவுக்குள் மட்டும் பகுதி பிரிக்கும் ‘எஃப்3ஃபிக்ஸ்’ கட்டளையையும் முழுதாக எழுதிக் காட்டும். அதை அப்படியே நகலெடுத்து ஓட்டி, பிறகு ஃபார்மட் செய்தால் 16 ஜிபியோ 32 ஜிபியோ, உள்ளது கைக்கு வரும். அதற்கு முன் எஃப்3ப்ரோப் காட்டிய திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விற்றவரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க உதவும்.